சாலை போகாத காட்டுக்காக செனட்டருக்கு எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க தேசியக் காடுகளில் இதுவரை சாலை போடாமல் விட்ட பகுதிகளைக் காப்பது 2001-ஆம் ஆண்டு வந்த ஒரு விதி. ஊரில் எல்லோரும் அதை ‘ரோட்லெஸ் ரூல்’ என்கிறார்கள். அதை நீக்கப் போவதாக விவசாயத் துறைச் செயலர் புரூக் ராலின்ஸ் 2025 ஜூன் 23 அன்று அறிவித்தார். அங்கு வசிக்கும் நம் வாசகர்களிடமிருந்து அதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

தேசியக் காடு என்றாலே பாதுகாக்கப்பட்டதுதானே? அதற்கு மேல் காங்கிரஸுக்கு எதற்கு எழுத வேண்டும்?
– வாசகி, சியாட்டில்

தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. யோசெமிட்டி, எல்லோஸ்டோன் போன்றவை பூங்காக்கள். அவை இன்டீரியர் துறையின் கீழ் வருகின்றன. தேசியக் காடுகளை நடத்துவது விவசாயத் துறையின் கீழ் உள்ள ஃபாரஸ்ட் சர்வீஸ். மொத்தம் 19.3 கோடி ஏக்கர். மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகிய ஐந்துக்கும் இந்த நிலத்தைப் பயன்படுத்தலாம் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே தேசியக் காட்டில் மரம் ஏலம் போவது சட்டமீறல் அல்ல, அன்றாட நடைமுறை.

அதற்குள் ‘வில்டர்னெஸ்’ என்று காங்கிரஸ் தனித்தனிச் சட்டம் போட்டு வேலி கட்டிய பகுதி சுமார் 3.6 கோடி ஏக்கர். அங்கே வணிக மரவெட்டு கிடையாது. அதற்கு வெளியே, சாலை போகாமல் காடாகவே நிற்கும் நிலம் 5.85 கோடி ஏக்கர், தேசியக் காடுகளில் ஏறக்குறைய 30 சதவீதம். இதைக் காப்பது சட்டம் அல்ல, நிர்வாகம் எழுதிய விதி. எழுதிய கை அழிக்கவும் முடியும்.

விதி பட்ட பாட்டைப் பாருங்கள். 2001 ஜனவரி 12-இல் வெளியானது. 2005-இல் அதை எடுத்துவிட்டு, மாநில ஆளுநர்கள் மனு போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் கலிஃபோர்னியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் பழைய விதியை மீட்டது. 2008-இல் வயோமிங்கில் இன்னொரு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2011-இல் 10-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அலாஸ்காவின் டாங்காஸ் காட்டின் கதை இன்னும் மோசம்: 2003-இல் விலக்கு, 2011-இல் மறுபடி பாதுகாப்பு, 2020-இல் மறுபடி விலக்கு, 2023-இல் மறுபடி பாதுகாப்பு. 300 வயது மரம் ஒவ்வொரு தேர்தலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊசலை நிறுத்தக்கூடியது காங்கிரஸ் மட்டுமே. விதியின் பாதுகாப்பை அப்படியே சட்டமாக்கும் ‘ரோட்லெஸ் ஏரியா கன்சர்வேஷன் ஆக்ட்’ என்ற மசோதாவை செனட்டில் வாஷிங்டன் மாநில செனட்டர் மரியா கான்ட்வெல்லும், கீழவையில் ஆரிகன் பிரதிநிதி ஆண்ட்ரியா சலினாஸும் முன்வைத்திருக்கிறார்கள். சட்டமானால் அதை நீக்க இரு அவைகளிலும் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும். செனட்டில் 60 வாக்கு இல்லாமல் அது எளிதில் நகராது.

விதியை நீக்குவது பற்றி 2025-இல் துறை கருத்துக் கேட்டபோது நானும் எழுதினேன். அதோடு முடிந்ததா?
– வாசகர், போர்ட்லாண்ட்

முடியவில்லை. 2001 விதிக்கு முன்னால் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பொதுக்கூட்டங்கள் நடந்தன, 16 லட்சம் கருத்துகள் வந்தன. 2025-இல் கிடைத்தது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 19 வரை, மூன்றே வாரம். அப்படியும் ஆறு லட்சத்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன. அது, நீக்க எண்ணுகிறோம் என்று அறிவிக்கும் நோட்டீஸ் நிலை. சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கை வரும்போது இன்னொரு கருத்துக்காலம் உண்டு. முதலில் எழுதியது இரண்டாவதற்குத் தானாகப் பொருந்தாது. வரைவைப் படித்து, அதிலுள்ள பத்தியைக் குறிப்பிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

துறைக்கு எழுதுவதும் காங்கிரஸுக்கு எழுதுவதும் இரு தனி வேலைகள் என்பதையும் மறக்க வேண்டாம். துறைக்கு எழுதியது பதிவேட்டில் உட்கார்ந்து, பின்னால் வழக்கு வந்தால் சான்றாக நிற்கும். அங்கே எண்ணிக்கையைவிடப் பொருள் முக்கியம். காங்கிரஸ் அலுவலகத்தில் உங்கள் கருத்தோடு தொகுதியும் எண்ணப்படுகிறது. இரண்டையும் செய்யுங்கள்.

மரம் வெட்டுவதுதான் பிரச்சினை என்றால் அதைத் தடுக்கட்டும். சாலைமேல் ஏன் இத்தனை கோபம்?
– வாசகர், சாக்ரமென்டோ

மரவெட்டு வந்து போகும். சாலை இருந்துகொண்டே கெடுக்கும். மலைச்சரிவில் காட்டுச்சாலை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். மேல்பக்கச் சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித் தளம் அமைக்கிறார்கள். வெட்டிய சுவர் மண்ணுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஊற்றுநீரை அறுத்து வெளியே தள்ளுகிறது. அந்த நீர் சாலையோர வாய்க்காலில் சேர்ந்து, ஓடை குறுக்கிடும் இடத்தில் கல்வெர்ட் என்கிற குழாய்க்குள் இறங்கி அடுத்த பக்கம் விழுகிறது.

கோளாறு தொடங்கும் இடம் அந்தக் குழாயின் வாய். பெருமழையில் கிளைகளும் கூழாங்கல்லும் வந்து அடைத்துக்கொள்ளும். நீர் மேலேறிச் சாலையைத் தாண்டும். கொட்டி வைத்த தளர்ந்த மண் மொத்தமாக ஓடைக்குள் சரியும். சாலை சற்றுச் சாய்வாக இருந்தால் இன்னும் கேடு. ஓடை தன் பள்ளத்தை விட்டுச் சாலை வழியாகவே ஓடி, அதுவரை நீரே பாயாத ஒரு சரிவில் புதிதாக ஓடை அறுக்கும். அடித்துப் போன பொடிமண், சால்மனும் டிரவுட்டும் முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளை நிரப்பிவிடும். முட்டைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் நீரோட்டம் நின்றுவிடும். அடைப்பே ஏற்படாவிட்டாலும், குழாயின் கீழ்வாய் காலப்போக்கில் ஓடை மட்டத்தைவிட உயர்ந்து தொங்கும். குஞ்சு மீன்களால் அந்த உயரம் தாவ முடியாது. அதற்கு மேலே இருக்கும் நல்ல ஓடை முழுவதும் மீனுக்கு இல்லாமல் போகிறது.

இதைத் தடுக்க ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் வாய்க்காலைத் தூர்வாரி, குழாய்வாயைத் துப்புரவு செய்ய வேண்டும். 2001 விதியை எழுதியபோது ஃபாரஸ்ட் சர்வீஸே சொன்ன கணக்கு: ஏற்கெனவே 3,86,000 மைல் சாலை இருக்கிறது; அதில் செய்யாமல் நிலுவையில் நிற்கும் பராமரிப்பு, சீரமைப்பு வேலைக்கு 840 கோடி டாலர் வேண்டும். இருக்கும் சாலையையே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் புதிதாகப் போடக் கூடாது என்பது விதியின் காரணங்களில் ஒன்று. கடிதத்தில் இதைச் சொல்லுங்கள். சுற்றுச்சூழலில் அக்கறை காட்டாத, செலவைக் குறைக்கப் பேசும் உறுப்பினரும் காது கொடுக்கும் வாதம் இது.

வீடு கட்ட மரம் வேண்டாமா? வெட்டவே கூடாது என்பது நியாயமா?
– வாசகர், ஹூஸ்டன்

அமெரிக்காவில் வெட்டப்படும் மரத்தில் பெரும்பங்கு தனியார் நிலத்திலிருந்து வருகிறது. தேசியக் காடுகளின் வெட்டு 1980-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 1,200 கோடி போர்டு அடியைத் தாண்டியது. அண்மை ஆண்டுகளில் 300 கோடியை ஒட்டி நிற்கிறது. போர்டு அடி என்பது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள பலகை. சாலையற்ற பகுதிகள் இன்னும் வெட்டப்படாமல் இருப்பதற்குக் காரணமே அவை செங்குத்தானவை, தொலைவானவை, எடுத்து வரும் செலவுக்குக் கட்டுப்படியாகாதவை என்பதுதான். எளிதில் எட்டிய இடங்களில் கோடரி முன்பே போய்விட்டது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பட்ஜெட் சட்டம், ஃபாரஸ்ட் சர்வீஸ் 2034 வரை ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிட 25 கோடி போர்டு அடி கூடுதலாக விற்க வேண்டும் என்கிறது. இலக்கு ஏற ஏற, அதிகாரிகளின் கண் இதுவரை தொடாத சரிவுகள்மேல் போகும். எங்கள் கவலையெல்லாம் இதுதான்.

காட்டுத்தீதான் பெரிய பயம். சாலை இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும்? எங்கள் பிரதிநிதி இதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்.
– வாசகி, போய்சி

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் தொலைபேசியை எடுக்கக் கூடாது. நாடெங்கும் முதலில் வந்து விழும் எதிர்வாதம் இதுதான்.

முதலாவது, விதி தீயணைப்பைத் தடுக்கவில்லை. 294.12-ஆவது பிரிவில், வெள்ளம், தீ போன்ற பேராபத்தால் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருந்தால் சாலை போடலாம் என்று தெளிவாக விலக்கு இருக்கிறது. 294.13-ஆவது பிரிவில், இயல்பை மீறிய கடுந்தீயின் ஆபத்தைக் குறைக்கச் சிறு விட்டமுள்ள மரங்களை வெட்டலாம் என்ற விலக்கு இருக்கிறது. ஹெலிகாப்டர், பாராசூட்டில் குதிக்கும் வீரர்கள், திட்டமிட்டு வைக்கும் தீ, எதற்கும் தடையில்லை. விதி தடுப்பது பெரிய மரங்களைக் குறிவைக்கும் வணிக வெட்டையும் அதற்கான சாலையையும்தான்.

இரண்டாவது, தீயை வைப்பது பெரும்பாலும் மனிதர். 1992 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அமெரிக்கக் காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதரால் தொடங்கியவை என்று கண்டது. அணையாத முகாம் நெருப்பு, காய்ந்த புல்மேல் நிறுத்திய வாகனத்தின் சூடான சைலன்சர், சாலையில் உரசும் டிரெய்லர் சங்கிலி, இவையெல்லாம் சாலை வழியாகத்தான் காட்டுக்குள் போகின்றன.

மூன்றாவது, வீட்டை எரிப்பது தொலைவில் தெரியும் தீச்சுவர் அல்ல. காற்றில் பறந்து வரும் கங்கு. ஃபாரஸ்ட் சர்வீஸின் தீ ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் பல ஆண்டு ஆய்வில் காட்டியது இது: வீடு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிப்பது வீட்டின் கட்டுமானமும் அதைச் சுற்றி 100 அடிக்குள் இருப்பவையும். சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் மரத்தூளோ விறகோ புதரோ கூடாது, கூழாங்கல் போடுங்கள். பரணுக்குக் காற்றுப் போகும் துளைகளில் கால் அங்குலக் கண்ணி இருந்தால் கங்கு நுழையும். எட்டில் ஒரு பங்கு அங்குல உலோக வலையாக மாற்றுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் தகர வாய்க்காலில் சேர்ந்த சருகை வழித்துப் போடுங்கள். உங்கள் பிரதிநிதியிடம் கேட்க வேண்டியது, ஊரிலிருந்து பத்து மைல் தள்ளிச் சாலை போடும் பணத்தை ஊர் ஓரத்து வீடுகளுக்கு இந்த வேலை செய்ய ஏன் தரக்கூடாது என்பதே.

ஐடஹோவில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு குறிப்பு. ஐடஹோவுக்கு 2008-லும் கொலராடோவுக்கு 2012-லும் தனி விதிகள் வந்துவிட்டன. 2025 அறிவிப்பு அவற்றைத் தொடவில்லை. அது குறிவைப்பது மீதமுள்ள ஏறக்குறைய 4.5 கோடி ஏக்கர். எனவே “என் மாநிலக் காடு நாளை போகப் போகிறது” என்று எழுதினால் அலுவலகம் ஒரே வரியில் மறுத்துவிடும். “எங்கள் மாநிலத்துக்கு இருக்கும் பாதுகாப்பு மற்றவர்களுக்கும் இருக்கட்டும்” என்று எழுதுங்கள்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாக்குரிமை இல்லாத நான் செனட்டருக்கு எழுதலாமா? சிக்கல் வருமா?
– வாசகர், டாலஸ்

எழுதலாம். அரசிடம் முறையிடும் உரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் ‘மக்களுக்கு’ என்று தருகிறது, குடிமக்களுக்கு என்று மட்டும் அல்ல. தொகுதி பிரிப்பதும் வசிப்போர் எல்லோரையும் எண்ணித்தான். நிர்வாக விதிகள்மேல் கருத்துச் சொல்லவும் குடியுரிமை கேட்பதில்லை. கடிதத்தில் “நான் வாக்காளர்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொய்யாகும், குடிவரவு விஷயத்தில் அந்தப் பொய்யின் விலை பெரிது. “உங்கள் தொகுதியில் வசிக்கிறேன்” என்பது போதும்.

தொடக் கூடாத ஒன்று பணம். குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்கள் எந்த வேட்பாளருக்கும், எந்தத் தேர்தல் நிதிக்கும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. மசோதாவை ஆதரிக்கும் செனட்டரின் நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் இதில் அடக்கம். துறைக்கு அனுப்பும் கருத்துகள் பெயரோடு பொதுவில் வெளியாகும் என்பதையும் தெரிந்துகொண்டு, முழு முகவரியைக் கருத்தின் உடலுக்குள் எழுதாமல் விடுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? எத்தனை பக்கம்?
– வாசகிகள் மூவர், அட்லாண்டா, சான் ஹோசே, நியூ ஜெர்சி

ஒரு பக்கம் தாண்டக் கூடாது. 200 முதல் 250 சொல் போதும். அலுவலகத்தில் உங்கள் கடிதத்தை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஊழியர் அல்லது பயிற்சியாளர். கீழவை உறுப்பினருக்கு நிரந்தர ஊழியர் 18 பேர்தான் இருக்கலாம். அவர்களைத் தலைநகருக்கும் தொகுதிக்கும் பிரித்து வைத்திருப்பார்கள். கடிதத்தை எடுத்தவர் தேடுவது மூன்று: தொகுதிக்காரரா, எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா. மூன்றும் முதல் இரண்டு வரியில் இல்லாவிட்டால் உங்கள் கடிதம் ‘சுற்றுச்சூழல், பொது’ என்ற கூடைக்குள் போய், பொதுப்படையான பதிலோடு திரும்பும்.

ஆங்கிலத்தில் உங்கள் சொந்த நடையில் இந்த வரிசையில் எழுதுங்கள்:

“நான் இந்த ஊரில், இந்த ஒன்பது இலக்க ஜிப் எண்ணில் வசிக்கிறேன். ரோட்லெஸ் ஏரியா கன்சர்வேஷன் ஆக்ட், இந்த எண்ணுள்ள மசோதாவில் தாங்கள் இணை முன்மொழிபவராகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் குடிநீர் இன்ன ஆற்றிலிருந்து வருகிறது. அதன் தலைப்பகுதி இன்ன தேசியக் காட்டின் சாலையற்ற பகுதியில் இருக்கிறது. அங்கே சாலை போட்டால் சேறு எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். தீயணைப்புக்கு விதியின் 294.12-ஆவது பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது. தாங்கள் சேர்வீர்களா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். “காட்டைக் காப்பாற்றுங்கள்” என்று முடித்தால், “நானும் காடுகளை நேசிக்கிறேன்” என்று பதில் வரும். சேருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டால் யாரோ ஒருவர் நிலைப்பாட்டைத் தேடி எழுத வேண்டும். அந்தத் தேடலில்தான் மசோதா அந்த அலுவலகத்தில் முதல் முறையாகப் படிக்கப்படலாம்.

குடிநீர் வரியையும் அழகுக்காகச் சேர்க்கவில்லை. ஊர்களுக்குக் குடிநீர் தரும் 354 நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் சாலையற்ற நிலம் இருப்பதாக விதியை எழுதியபோது கணக்கிட்டார்கள். உங்கள் ஊர் நகராட்சி ஆண்டுதோறும் அனுப்பும் குடிநீர்த் தர அறிக்கையில் நீரின் மூலம் எழுதியிருக்கும். ஃபாரஸ்ட் சர்வீஸின் சாலையற்ற பகுதி வரைபடத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரைமணி வேலை. தொடர்பு இல்லையென்றால் இருப்பதாக எழுத வேண்டாம். நீங்கள் நடக்கப் போகும், முகாம் போடும் காட்டின் பெயரை எழுதுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. கடிதம் இன்டீரியர் செயலருக்குப் போகிறது. தேசியக் காடு அவருடையது அல்ல. மசோதா எண் சென்ற காங்கிரஸுடையதாக இருக்கிறது. இரண்டாண்டுக்கு ஒரு காங்கிரஸ் முடிந்ததும் நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துவிடும், புது எண்ணில் புதிதாக வர வேண்டும். இப்போதைய 119-ஆவது காங்கிரஸ் 2027 ஜனவரி 3 வரை. எழுதுகிற அன்றைக்கே காங்கிரஸ் இணையதளத்தில் எண்ணையும், உங்கள் உறுப்பினர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பக்கத்துத் தொகுதிக்காரருக்கு எழுதுவது இன்னொரு தவறு. ஐந்திலக்க ஜிப் ஒன்று இரு தொகுதிகளில் கிடக்கலாம், அதற்காகத்தான் ஒன்பது இலக்கம். தபாலில் அனுப்புவதானால் தொகுதி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 2001-இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பிய சம்பவத்துக்குப் பிறகு கேபிடலுக்குப் போகும் தபால் சோதனை, கதிர்வீச்சு என்று சுற்றிக்கொண்டு தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

போனில் பேசத் தயக்கம். என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமா?
– வாசகி, சிகாகோ

புரியும். நாள் முழுவதும் எல்லா வகை ஆங்கிலமும் கேட்பவர்கள் அவர்கள். கேபிடல் தொலைபேசி நிலையம் 202-224-3121. உங்கள் ஜிப் எண்ணைச் சொன்னால் இணைத்துவிடுவார்கள். பெயர், ஊர், ஜிப், மசோதாவின் பெயரும் எண்ணும், “சேரச் சொல்கிறேன்” என்று ஐந்தையும் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள், நாற்பது விநாடி. எதிர்முனையில் இருப்பவர் விவாதம் செய்ய மாட்டார், குறித்துக்கொள்வார். பேசவே கூச்சமென்றால் இரவில் அழையுங்கள், குரல் பதிவிலும் அதே ஐந்தைச் சொல்லலாம்.

எங்கள் செனட்டர் ஏற்கெனவே ஆதரவு. பிரதிநிதியோ கடும் எதிர்ப்பு. இருவருக்கும் எழுதிப் பயன் உண்டா?
– வாசகர், டென்வர்

ஆதரிப்பவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி; அடுத்த வரியில் அதற்கு மேலான வேலை கேளுங்கள். ஃபாரஸ்ட் சர்வீஸ் விவசாயத் துறையில் இருந்தாலும் அதன் ஆண்டுப் பணம் ‘இன்டீரியர், சுற்றுச்சூழல்’ ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் மசோதாவில் வருகிறது. பலருக்கு இந்த விநோதம் தெரியாது. அந்த மசோதாவில், “இந்தப் பணத்தில் ஒரு காசும் சாலையற்ற விதியை நீக்கும் வேலைக்குச் செலவிடக் கூடாது” என்று ஒரு வரி சேர்க்கலாம். முழு மசோதா குழுவில் தூங்கும்போது இந்த ஒற்றை வரி ஓராண்டு காத்துத் தரும். உறுப்பினர்கள் தம் கோரிக்கைகளை இளவேனிலில் துணைக்குழுவுக்குத் தருவார்கள். கேட்பதை பிப்ரவரியிலேயே கேட்க வேண்டும். நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1-க்கு முந்தின வாரம் எழுதினால் பந்தி முடிந்தபின் இலை போட்டதுபோல் ஆகும்.

எதிர்ப்பவரிடம் மசோதாவைக் கேட்டுப் பயனில்லை, சிறியதாகக் கேளுங்கள். தொகுதியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி ஃபாரஸ்ட் சர்வீஸுக்கு ஒரு கடிதம், அல்லது தொகுதிக்குள் ஒரு பொதுவிசாரணை. மீன்பிடி வழிகாட்டி, வேட்டைக்காரர், குடிநீர் வாரியத்தார் ஆகியோரில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஆகஸ்ட் விடுமுறையில் தொகுதி அலுவலகத்தில் பதினைந்து நிமிடம் வாங்குங்கள். உறுப்பினர் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். இயற்கை வளம் பார்க்கும் ஊழியரைச் சந்திப்பதே பல நேரங்களில் மேல்.

காட்டுத்தீ ஆபத்தைக் குறைக்கும் வேலைகளை விரைவுபடுத்தச் சொல்லும் ‘ஃபிக்ஸ் அவர் ஃபாரஸ்ட்ஸ் ஆக்ட்’ என்ற இன்னொரு மசோதா பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் கீழவையில் 279–141 என்று நிறைவேறியது. இரு கட்சியினரும் வாக்களித்தார்கள். திட்டமிட்ட தீவைப்புக்கு உதவும் நல்ல பகுதிகளும் அதில் உண்டு. முழுச் சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் 10,000 ஏக்கர் வரை வேலை செய்ய விடும் பகுதியும் உண்டு. ஆகவே மொத்தமாக எதிர்த்து எழுதாமல், அந்த ஏக்கர் வரம்பையும் வழக்குத் தொடுப்பதைச் சுருக்கும் பிரிவையும் மட்டும் சுட்டி, அவற்றை நீக்கச் சொல்லுங்கள். எங்கள் கருத்தில் செனட்டர்களிடம் எடுபடுவது இந்த அணுகுமுறைதான்.

எங்கள் தமிழ்ச் சங்கம் 501(சி)(3) பதிவு பெற்றது. பொங்கல் விழாவில் கையெழுத்து வாங்கி அனுப்பலாமா? வரிவிலக்கு போய்விடும் என்று பொருளாளர் பயப்படுகிறார்.
– சங்க நிர்வாகி, வட கரோலினா

அவர் பயத்தில் பாதி சரி. எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ சங்கம் கூடவே கூடாது. அதில் சலுகையே இல்லை. ஆனால் மசோதாவை ஆதரிக்கச் சொல்லிக் கேட்பது அளவோடு அனுமதிக்கப்பட்டது. அந்த அளவு ‘கணிசமான பங்கு அல்ல’ என்று மங்கலாக இருக்கிறது. தெளிவு வேண்டுமானால் 5768 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்பி 501(ஹெச்) முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்படி ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதத்தை இதற்குச் செலவிடலாம். உங்கள் சங்கம் ஆண்டுக்கு 60,000 டாலர் செலவிடுகிறது என்றால் வரம்பு 12,000. அதில் கால்பங்கு, 3,000 டாலர் மட்டுமே, “நீங்களும் எழுதுங்கள்” என்று பொதுமக்களைத் தூண்டும் வேலைக்கு. சம்பளமில்லாத் தொண்டர்களின் நேரம் இதில் சேராது. துறையின் விதிமேல் கருத்துச் சொல்வது சட்டம் பற்றிய பரப்புரையாகவே எண்ணப்படாது.

கையெழுத்து வாங்கும்போது ஒரே தாளில் முந்நூறு பெயர் வேண்டாம். ஐந்து தொகுதிக்காரர்கள் கலந்திருந்தால் எந்த அலுவலகமும் அதைத் தன்னுடையதாக எண்ணாது. பெயர், முகவரி, ஜிப் என்று தொகுதி வாரியாகத் தனித்தாள் வைத்து, அந்தந்தத் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். அதைவிட நல்லது, விழா மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, உறையும் தாளும் வைத்து, பத்துப் பேரைச் சொந்தக் கையெழுத்தில் ஒரு பத்தி எழுத வைப்பது. அச்சடித்த முந்நூறு வரியை ஒன்றாகக் கட்டி ஒரே பதில் அனுப்புவார்கள். கையால் எழுதிய பத்தைத் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்துத் தேசியக் காட்டில் ஒரு மரவிற்பனை வரப்போவதாகக் கேள்வி. சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. என்ன செய்ய?
– வாசகர், ஸ்போகேன்

ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் ‘சோப்பா’ என்று சுருக்கமாகச் சொல்லும் திட்டப் பட்டியல் உண்டு. அதில் உங்கள் திட்டத்தின் பெயர், ஆய்வு வகை, பொறுப்பு அதிகாரி பெயர் கிடைக்கும். அந்த அதிகாரிக்கு இரண்டு வரி எழுதி, தகவல் அனுப்பும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்த இடம் 2025 ஏப்ரலில் ‘அவசர நிலை’ என்று அறிவித்த 11.2 கோடி ஏக்கருக்குள் வருகிறதா என்பது. அந்த அதிகாரத்தின் கீழ் நடத்தும் திட்டத்துக்கு ஆட்சேபணைக் கட்டமே கிடையாது. அப்போது தொடக்கக் கருத்துக்காலம் ஒன்றுதான் கையில் இருக்கும் வாய்ப்பு.

அவசர வகை இல்லையென்றால் இரண்டு கட்டம். கருத்துக்காலத்தில் திட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் சொன்னவருக்கு மட்டுமே பின்னால் ஆட்சேபணை போட உரிமை. “எதிர்க்கிறேன்” என்று ஒற்றை வரி அனுப்பினால் அது கணக்கில் நிற்காது. எந்த வெட்டுப்பகுதி, எந்தச் சாலைத்துண்டு, எந்த ஓடையைக் கடக்கிறது, மாற்றாக என்ன செய்யலாம் என்று வரைபட எண்ணோடு எழுதுங்கள். வரைவு முடிவு வந்ததும் ஆட்சேபணைக்கு 45 நாள், நீட்டிப்பு கிடையாது. நாள் எண்ணத் தொடங்குவது அந்தக் காட்டுக்கென்று குறித்த நாளிதழில் சட்ட அறிவிப்பு வந்த தேதிக்கு மறுநாள். இணையதளத்தில் போட்ட தேதியும், உங்களுக்கு மின்னஞ்சல் வந்த தேதியும் செல்லாது. அந்த நாளிதழ் எதுவென்று இப்போதே காட்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்த பக்கத்தைக் கத்தரித்துக் கோப்பில் போடுங்கள்.